ஊசி போட்டாச்சு, இலை போடலை

போன வைகாசியில் என் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். மாமல்லபுரத்துக்கு இந்தாண்டை, கடற்கரைச் சாலை ஓரத்தில், ஏசி போட்ட பெரிய மண்டபம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்காருவதற்குள் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து வாசல் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கருங்குழிப் பக்கம். ஐந்தாவதைத் தாண்டவில்லை. லாரியில் கிளீனராக ஏறியவன். இன்றைக்குக் காலையில் சிங்கப்பெருமாள் கோயில் கூட்ரோட்டில் நின்று பாருங்கள், கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன்களில் என் வேன்தான் முன்னால் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கஷ்டப்பட்டவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இன்னொரு பெருமையும் இருக்கிறது. எனக்கு ஜப்பான் பாஷை தெரியும். பட்டம் வாங்கிய என் மகனுக்கு அதில் வணக்கம் சொல்லக்கூட வராது. நான் பேசுவேன்.

எப்படி வந்தது என்றால், கம்பெனிக்கு வந்த ஒரு ஜப்பான் இன்ஜினியருக்கு என் காரை மாத வாடகைக்கு விட்டிருந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவராக இருப்பார். டிரைவர் லீவு போட்ட ஒரு நாள் நானே ஓட்டப் போனேன். அன்றிலிருந்து நானேதான் ஓட்டினேன். எங்கள் வேன் ஷெட்டில் பசங்கள் என்னை 'நைனா' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டு 'நைனா-சான்' என்பார். நான் அவரை வெறும் 'சான்' என்பேன். அது 'திரு' மாதிரி ஒரு மரியாதைச் சொல், தனியாகச் சொல்லக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பழகிவிட்டது.

முதல் நாளே தகராறு. எங்கள் தொழிலில் வண்டி எடுக்கிற முறை உங்களுக்குத் தெரியும். ஆள் ஒரு காலைப் படியில் வைக்கும்போதே கிளீனர் தகரத்தைத் தட்டி 'ரைட், போலாம்' என்பான். இன்னொரு காலை அவர்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தில் சான் கதவைச் சாத்துவதற்குள் நான் வண்டியை நகர்த்திவிட்டேன். மனுஷர் நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "ஷிமேதே காரா, ஹஷிரிமாசு." சாத்திவிட்டு, பிறகு ஓடுவோம்.

அந்தத் 'தே காரா'தான் எனக்கு முதலில் ஒட்டிக்கொண்டது. ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று அர்த்தம். நம் 'செஞ்சுட்டு' இருக்கிறதே, அதேதான். சிங்கப்பெருமாள் கோயில் நெரிசலில் வண்டி நிற்கிற நேரமெல்லாம் எனக்குப் பாடம். 'மாஏ நி' என்றால் முன்னாடி. 'அதோ தே' என்றால் பின்னாடி. முன்னாடி என்று சொல்லும்போது வேலை இன்னும் நடக்காத மாதிரி சொல்ல வேண்டும். பின்னாடி என்று சொல்லும்போது நடந்து முடிந்த மாதிரி சொல்ல வேண்டும். சாப்பிடுறதுக்கு முன்னாடி, சாப்பிட்ட பின்னாடி. "இன்னா சான், எங்க ஊர்லேர்ந்து தூக்கினு போய்ட்டீங்களா?" என்று கேட்டேன். புரிந்ததோ என்னவோ, வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார், பேனா மாதிரி ஒன்று. அதிலும் வரிசைதான். ஓட்டலில் தட்டு வந்து மேஜையில் உட்கார வேண்டும், பிறகு ஊசி, ஊசி போட்டதும் சாப்பாடு. "சூஷா ஷிதே காரா, தாபேமாசு" என்பார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன். ஊசி போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனிமேல் கல்யாணத்துக்கு வருகிறேன்.

சான் விடியற்காலையிலேயே வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் சொந்தக்காரர்களெல்லாம் அவரோடு படம் எடுக்கத் தள்ளுமுள்ளு. நான் நடுவில் நின்று ஜப்பான் பாஷையில் விளாசினேன். சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. காலை டிபனை அவர் தொடவில்லை, சர்க்கரை போடாத காபி மட்டும் குடித்தார். வாசலில் ரோஸ்மில்க் கொடுத்தபோதும் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் என்னிடம் வந்து, சாப்பாடு எப்போது என்று கேட்டார். கூட்டத்துக்கு நடுவில் சட்டையைத் தூக்கி ஊசி போட அவருக்குக் கூச்சம். இலை போட்டாச்சு என்று தெரிந்தால் ரூமுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து உட்காரலாம் என்று கணக்கு.

நான் சாப்பாட்டு ஹால் பக்கம் கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தேன். "மாஸ்டர், இன்னா, எல போட்டாச்சா?"

"போட்டாச்சு நைனா! ஆள உக்கார வைங்க, சாம்பாரு கொதிச்சுகினு கீது!"

நான் திரும்பி அழுத்தமாகச் சொன்னேன்: "மோ தெகிமாஷிதா." ஆகிவிட்டது, தயார்.

நம் ஊரில் ஒருவன் 'போட்டாச்சு' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இலைக்கட்டை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். 'கிளம்பிட்டேன்' என்றால் குளிக்கப் போகிறான். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. கேட்கிறவன் மனசு ஆறட்டும் என்று சொல்வது. ஆனால் சானுக்கு 'ஆகிவிட்டது' என்றால் ஆகிவிட்டது. அவர் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு ரூமுக்குப் போனார்.

அதற்குள் என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போட்டோக்காரர் இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்கிறார். மாலை கழுத்தை அறுக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி என் காதோரம் வந்தார்.

"சம்பந்தி, எங்க மச்சான் இன்னும் வர்ல. பையனுக்குத் தாய்மாமன். அவன் வராம மொத எல போட்டா அவன் மொகத்துல நாங்க முழிக்க முடியாது. கொஞ்சம் பொறுங்க."

முதல் பந்தி பிள்ளை வீட்டாருக்கு. அவர்கள் உட்காராமல் யாருக்கும் கரண்டி எடுக்க முடியாது. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. கல்யாணத்தில் எத்தனை சண்டை இப்படிப் பந்தியில் ஆரம்பித்திருக்கிறது என்று பார்த்தவன் நான். தாய்மாமனுக்கு நானே போன் போட்டேன்.

"வந்துட்டேன்ணே! பூஞ்சேரி தாண்டிட்டேன், மண்டபம் கண்ணுக்குத் தெரியுது!"

அவர் பேச்சுக்குப் பின்னால் ரயில் கூவுகிற சத்தம் கேட்டது. எங்கள் கடற்கரைப் பக்கம் ரயிலே கிடையாது. செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும்.

"இன்னாய்யா, கடல்ல ரயிலு வுட்டுட்டானா?"

"டிவிண்ணே, டிவி."

"கார்ல டிவியா?"

"சிக்னல் கட்டாவுதுண்ணே" என்று வைத்துவிட்டார்.

மேடையில் நிற்கிறேன், இறங்குகிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்புகிறேன். யாரோ ஆசீர்வாதம் வாங்குகிறார்கள், யாருக்கென்று தெரியாமலே தலையில் கை வைக்கிறேன். எவ்வளவு நேரம் போனதோ. சட்டென்று ஒன்று உறைத்தது. சான் எங்கே?

சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன். நீளநீளமாக மேஜைகள், மேலே வெறும் பேப்பர் விரித்திருக்கிறது. ஒரு இலைகூட இல்லை. நடு வரிசையில் சான் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். ஏசி அந்தப் போடு போடுகிறது, அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்து போயிருக்கிறது. முகம் சுண்ணாம்பு. விரல்கள் நடுங்குகின்றன. இடுப்போரமாகக் கையை விட்டு நாற்காலியில் எதையோ தேடுகிறார். முன்னால் தேடுகிறார், பின்னால் தேடுகிறார். கிட்டப் போனதும்தான் புரிந்தது. சீட் பெல்ட்டைத் தேடுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

"சான்!" என்றேன். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியாத பார்வை.

ஊசி போட்டாகிவிட்டது, சாப்பாடு வரவில்லை. எனக்கு அவ்வளவுதான் எட்டியது. சமையல்கட்டுக்குப் பாய்ந்தேன். "யோவ் மாஸ்டரு! எல போட்டாச்சுன்னியே, எங்கய்யா எல?"

"அது வழக்கமா சொல்றது நைனா. உக்காந்தாங்கன்னா டக்குனு போட்ருவோம்."

"ஒரு தட்டு சோறாவது குடுய்யா!"

"நைனா, பிள்ள வீட்டுப் பந்தி உக்கார்றதுக்கு முன்னாடி சோத்துல கை வெக்கச் சொல்லாதீங்க. சம்பந்தி சண்ட வந்தா என்னத்தான் ஒதப்பாங்க."

நான் கரண்டியைப் பிடுங்க, அவர் குண்டானை மறைக்க, அங்கேயே ஒரு மல்லுக்கட்டு. சத்தம் கேட்டுச் சம்பந்தி வந்துவிட்டார். "இன்னா சம்பந்தி இது? எங்களுக்கு முன்னாடி யாருக்கு எல?" என்று முகம் கறுத்துக் கேட்கிறார். பின்னால் அவர் வீட்டு ஆட்கள். ஒரு பக்கம் என் பெண்ணின் வாழ்க்கை, இன்னொரு பக்கம் அந்த மனுஷர்.

கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்குத் திரும்பி ஓடினேன். அங்கே சான் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் முக்காடு. வாசலில் ரோஸ்மில்க் ஊற்றிக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிற பாய் வீட்டு அம்மா. கையில் ஒரு தம்ளர். அதை சான் வாயருகே கொண்டுபோனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "யம்மா! அவரு சுகர்காரரு! இனிப்பக் குடுத்து ஆளையே முடிச்சிருவியா?" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"கைய எடு அண்ணாத்த" என்றார். குரல் உயரவில்லை. "எங்க மாமியாருக்கு வருஷக்கணக்கா நான்தான் ஊசி போட்டேன். காலைல இவரு வேணாம்னு கையாட்னப்பவே சுகர்காரர்னு தெரியும். இப்ப சுகர் ஏறல, எறங்கிடுச்சு. ஊசி போட்டாரா?"

"போட்டாரு."

"சாப்ட்டாரா?"

நான் கையை எடுத்தேன்.

"மயக்கம் போட்டுட்டா வாயில ஊத்த முடியாது. முழிப்பு இருக்கும்போதே இது உள்ள போவணும். சோறெல்லாம் அப்பறம்."

ஆனால் சான் குடிக்க மாட்டேன் என்கிறார். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறார். தம்ளரைத் தட்டிவிடப் பார்க்கிறார். பாதி ரோஸ்மில்க் வேட்டியில் ஊற்றிவிட்டது. "கோஹான், கோஹான்" என்று முனகுகிறார். சோறு, சோறு. அவருடைய வரிசையில் ஊசிக்கு அடுத்தது சோறு. இடையில் இந்தச் சிவப்புத் தண்ணீருக்கு இடமே இல்லை. மயக்கம் பாதி ஏறிய பிறகும் மனுஷர் வரிசையை விடவில்லை!

"உங்க பாஷையில ஏதோ பேசுவீங்களே, சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா.

காலையிலிருந்து வாய் வலிக்கப் பேசியவன். அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி. அவர் கண் சொருக ஆரம்பித்தது. முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கதவு, வண்டி, சாத்திவிட்டு ஓடு... அந்த முதல் நாள் பாடம் எங்கிருந்தோ வந்து வாயில் விழுந்தது.

"நோந்தே காரா, கோஹான்!" என்று கத்தினேன். குடித்துவிட்டு, பிறகு சோறு. "சான், நோந்தே காரா, கோஹான்!"

இரண்டாவது தடவை சொன்னபோது உதடு விட்டது. அந்த அம்மா தம்ளரைச் சாய்த்தார். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. நான் ஒவ்வொரு மடக்குக்கும் "நோந்தே காரா, நோந்தே காரா" என்று ஜபிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். தம்ளர் காலியானது. அந்த அம்மா போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார்.

அப்புறம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட அது வேண்டாம். நான் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். "ஒக்காருங்க அண்ணாத்த, எனக்கே தல சுத்துது" என்று அந்த அம்மா அதட்டினார். உட்கார்ந்தேன், எழுந்தேன். வேர்வை நின்றதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மெதுவாக சான் கன்னத்தில் ரத்தம் வந்தது. தன் வேட்டியில் சிவப்புக் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நைனா-சான்" என்றார்.

அந்த இடத்தில் நான் அழுதேன் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். வேர்வை என்று சொல்லியிருக்கிறேன்.

பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து அவரே விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டார். அதற்குள் ஹால் வாசலில் கூட்டம். சம்பந்தி, அவர் வீட்டம்மா, எல்லாரும். நடந்ததைப் பார்த்துவிட்டார்கள். சம்பந்தியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எந் தம்பிய எனக்குத் தெரியாதா? வந்துட்டேன்னு சொன்னான்னா இன்னும் லுங்கியில கீறான்னு அர்த்தம். அவனுக்காக ஒரு உசுரு போவணுமா? மாஸ்டர், மொத எல அவருக்குப் போடு. எங்க வீட்டு எலதான் அது."

சம்பந்தி வாசலிலிருந்து நகர்ந்து வழி விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே ஒரு இலையை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சான் முன்னால் வைத்தார்.

அந்த ஜூஸ் கடை அம்மாவைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "அண்ணன் ஒங் கைய புடிச்சிட்டேன், தப்பா நெனச்சுக்காத" என்றேன். "நல்ல வேள, தம்ளர ஒடைக்காம வுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். சாயங்காலம் சானை டாக்டரிடமும் காட்டிவிட்டுத்தான் வீட்டில் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஜப்பானிலிருந்து அவர் மனைவி வீடியோ போனில் வந்தார். கண்ணில் தண்ணீரோடு குனிந்து குனிந்து எனக்கு நன்றி சொல்கிறார். என் நெஞ்சு விரிந்துவிட்டது. விட்டால் நான் சும்மா இருப்பேனா? சான் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கத்தி, குடிக்க வைத்ததை எனக்குத் தெரிந்த ஜப்பானில் அளந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சான், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சொனோ மாஏ நி?" அதுக்கு முன்னாடி?

அதற்கு முன்னால் ஒரு அம்மா தம்ளரோடு வந்தார் என்று சொன்னேன்.

"சொனோ மாஏ நி?"

அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"சொனோ மாஏ நி?"

கோபமில்லை அவருக்கு. உதட்டோரம் சிரிப்புகூட இருந்தது. ஆனால் விடவில்லை. நான் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி, கடைசியில் வெறும் மேஜையைப் பார்க்காமலே 'ஆகிவிட்டது' என்று சொன்ன இடத்துக்கு வந்து நின்றேன். அதையும் அவர் மனைவியிடம் சொன்னேன். பிறகு அவர் மறுபடியும் குனிந்து, முதலில் சொன்ன அதே நன்றியைச் சொன்னார்.

ஊர் விழாக்களில் நான் மேடை ஏறினால் முதல் வேன் வாங்கிய நாளிலிருந்துதான் என் கதையை ஆரம்பிப்பேன். தனி ஆளாக வந்தவன் என்பேன். இப்போது அந்த இடத்துக்கு வந்ததும் 'அதுக்கு முன்னாடி?' என்று ஒரு குரல் டீ ஆற்றிக்கொண்டே கேட்கிறது. தூக்கத்தை விட்டுவிட்டு எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த லாரி டிரைவரும், தன் பிள்ளைகளோடு எனக்கும் சேர்த்துச் சோறு வடித்த அவர் வீட்டம்மாவும் அந்த முன்னாடியில் நிற்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் அடுத்த வார்த்தைக்குப் போக எனக்கு வாய் வருவதில்லை.